ஆர்கான் முதலில், பந்தல் பிறகு

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நான் வேதியியல் பேராசிரியை. ஒரு காலை உள்ளே நுழைந்தால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘புகையிலிருந்து எரிபொருள்’ என்று பேனர். அதில் என் ஆய்வு மாணவி ஸ்டெல்லாவின் படம் பெரிதாக இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டெல்லா முகையூர்ப் பெண். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோலை யூரியாவோடு கரியாக்கி, அந்தக் கார்பனை கேட்டலிஸ்டாக வைத்து, கரியமில வாயு கரைந்த தண்ணீரில் கரண்ட் விட்டு எரிபொருள் எடுப்பது அவளுடைய பிஎச்.டி. வேலை. முந்தின வாரம் கரண்ட் விடும் கண்ணாடிச் செல்லில் எரிபொருளாக எத்தனால் வந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்.

“ஆர்கான் விட்டுப் பாத்தியா?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

“இல்லீங்க மேடம். சிலிண்டர் கேட்டேன். அதெல்லாம் எதுக்கு, ஜல்தியா ரிசல்ட் குடுன்னுட்டாருங்க கரஸ்பாண்டன்ட் சார்.”

கரியமில வாயுவுக்குப் பதில் கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவை விட்டால் எரிபொருள் வரக் கூடாது. வந்தால், அது வேறெங்கிருந்தோ வருகிறது. வெல்டிங் பட்டறையில் ஒரு சிலிண்டர் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தோம். எத்தனால் அப்படியே வந்தது. கரண்டையும் நிறுத்தினோம். அப்போதும் வந்தது.

ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “கரித்தூள எத்தனால்ல கொழச்சித்தான மேடம் தகட்டுல பூசுறோம்? கரண்டு கட்டாயிக்கினே இருந்துச்சி. ஓவன்ல வைக்க முடியாம வெறும் காத்துல காய வச்சிட்டேன்.”

நாங்கள் ஊற்றியதே திரும்பி வந்திருக்கிறது. கரஸ்பாண்டன்ட்டிடம் போய்ச் சொன்னேன்.

“கேஸே இல்லாம வருதுன்னா இன்னும் நல்லதுதான மேடம்?” என்றார். மறுபடி விளக்கினேன். “பந்தல் போட்டாச்சி. பேஜாரு பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு பேர்லதான சொல்றோம்? நாளைக்கு தப்புன்னா அதுவே பதில் சொல்லிக்கும்.”

பேனரில் அவள் படம் ஏன் அவ்வளவு பெரிது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பேச்சை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“முன் வரிசையில உக்காருவேன் சார். நீங்க பேசி முடிச்சதும் எழுந்து இதையே சொல்லுவேன்” என்றேன்.

எரிபொருள் அறிவிப்பைக் கைவிட்டார்கள். ஆனால் பந்தல் வீணாகவில்லை. அதிலேயே மரம் நடு விழா நடத்தினார்கள். எங்கள் லேபைப் பூட்டினார்கள். சாவிக்காக நான் போடாத சண்டையில்லை. ஸ்டெல்லாவின் பட்டம் தள்ளிப்போனது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, ஆர்கான் விட்டுப் பார்த்த பிறகு சந்தோஷப்படுங்கள். அவசரப்படுத்துகிறவர் உங்களுக்காகப் பழி ஏற்க மாட்டார்.

லேப் திறந்த பிறகு, நன்றாகக் காய வைத்த கரியில் கடைசியில் அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. வைவாவுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், “இவ்வளவுதானாம்மா?” என்று கேட்டார்.

“இவ்ளோதாங்க சார். ஆனா ஆர்கான் விட்டா வராதுங்க” என்றாள் ஸ்டெல்லா.