அமலோற்பவத்தின் மரவள்ளிச் சரிவு

மலாயாவில், பாலோ பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பழைய ஆட்கள் நாலு பேர் கூடினால், அமலோற்பவத்தின் புல்வெட்டைப் பேசாமல் எழுந்திருக்க மாட்டார்கள். அவள் புல் வெட்டிய நிரையில், ரப்பர் பால்மரத்தடியில் சோற்றைக் கொட்டியே தின்னலாம் என்பார்கள். ஒரு புல் நிற்காது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் அதுதான் பெருமை; விருந்தாளி வந்தால் அவள் நிரைக்குத்தான் அழைத்துப் போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை விழுந்தது. பாதிச் சனத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இருந்தவர்களுக்குச் சம்பளம் பாதியானது. ஈடாக, ஆற்றோரச் சரிவில் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், பயிர் வைத்துச் சாப்பிட. அமலோற்பவத்துக்கும் அவள் புருஷன் ரபேலுக்கும் மூன்று பிள்ளைகள். அந்தத் துண்டுதான் அவர்களைக் கப்பலேறாமல் பிடித்து வைத்திருந்தது.

முதல் வருஷம் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மரவள்ளிக் குச்சி நட்டு, இடையில் பச்சை தெரியாமல் சுரண்டினாள். லயத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து பார்த்து மெச்சியது. அப்புறம் மழை வந்தது. மேல்மண் கரைந்து இறங்க, ஆறு செக்கச்செவேலென்று ஓடிற்று. கிழங்கு பிடுங்கினால் விரல் தடிமன். மற்றவர்களுக்கும் அதே கதிதான். எல்லோரும் மண்ணைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவள் மட்டும் ஓரத்தில், தானே வெட்டிக் குவித்திருந்த புல் குப்பையைக் கிளறினாள். அதில் தவறி விழுந்த ஒரு குச்சி முளைத்திருந்தது. இழுத்தாள், வரவில்லை. தோண்டினால், முழங்கை கனத்தில் கிழங்கு.

மறு வருஷம் அவள் புல்லை வேரோடு சுரண்டவில்லை. அரிந்து, சரிவுக்குக் குறுக்கே பாய் மாதிரி பரப்பினாள்.

“என்னாக்கா, பாம்புக்கு மெத்த போடுறியா?” என்றாள் பக்கத்துத் துண்டு வெள்ளையம்மா.

ஆட்களை வேலை வாங்கும் சின்னத்தம்பி கங்காணிக்குச் சிரிப்பு வரவில்லை. “ஞாயித்துக்கெழம தொரை வர்றாரு. குப்பையா கெடக்குற நெலத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு. உன்னுதுதான் மொத.”

“குப்பை இல்லீங்க கங்காணியாரே, மண்ணுக்குப் போர்வை.”

“ஓ, மண்ணுக்குக் குளிருதாக்கும்.”

ரபேல் தலையில் கைவைத்துக்கொண்டான். “நெலம் போச்சுன்னா கப்பல்தான் புள்ள. பேசாம சுரண்டிடு.”

சனிக்கிழமை மத்தியானம் அவள் மண்வெட்டியோடு மேலே இருந்து ஆரம்பித்தாள். பழகிய கை, இரண்டு வரிசை முடிந்ததே தெரியவில்லை. மூன்று மணிக்கு மழை கொட்டியது. வாழையடியில் ஒதுங்கி நின்று பார்த்தாள். சுரண்டிய இரண்டு வரிசையிலிருந்து சிவப்பாகப் பாய்ந்த தண்ணீர், புல்லைத் தொட்டதும் வேகம் இழந்து, தெளிந்து, உள்ளே இறங்கியது.

மழை விட்டது. அவள் மூன்றாவது வரிசையைத் தொடவில்லை.

மறுநாள் சரிவைப் பார்க்க வந்த துரையின் முகம் கறுத்தது. “எத்தனையோ சொன்னேன் தொரை, கேக்கல” என்றார் கங்காணி.

பத்து வருஷத்தில் துரையிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அன்று முன்னால் வந்தாள். “தொரை, கம்ப இங்க குத்துங்க.”

சுரண்டிய இடத்தில் கைத்தடி டொக்கென்று நின்றது.

“இப்ப இங்க.”

புல்லுக்கடியில் ஒரு சாண் இறங்கி, கறுத்த மண்ணோடு வந்தது. துரை அதைக் கைக்குட்டையால் துடைத்தார். சிவந்து ஓடும் ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றார்.

“நானும் அதத்தான் நெனச்சேன்” என்றார் கங்காணி.

அவர்கள் கப்பலேறவில்லை. அந்த வருஷக் கிழங்கை அவித்து லயத்துக்கே கொடுத்தாள். வெள்ளையம்மாவும் புல் அரிய ஆரம்பித்தாள். ஆனால் பால்மரக் காட்டில் துரையின் சட்டம் மாறவில்லை. வாரத்தில் ஆறு நாள் அமலோற்பவம் துரையின் மண்ணை மொட்டையடித்தாள். சாயங்காலம், அங்கே வெட்டிய புல்லைக் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து, தன் சரிவுக்கு இறங்கினாள்.