பட்டாணி சூப்பும் பதினான்கு கடிதங்களும்

ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும், முதல் சனிக்கிழமை மணிவாசகம் அவர்களைக் கியூபெக் நகரத்துக்கு அழைத்துப் போய்விடுவார். பயணக் களைப்பு தீர்ந்ததா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. காலை ஆறு பத்துக்கு, மொன்றியலின் பியர்ஃபோன் புறநகரில் இருந்த வீட்டு வாசலில் வண்டி உறுமும். ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் கான்கிரீட்டின் கனம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். அவருக்கு வேலையே கான்கிரீட் சோதனைதான். நூற்று அறுபத்தைந்து மைல் தாண்டி, லெவியில் படகில் ஏறினால், எதிர்க்கரைப் பாறைமேல் பச்சைக் கூரையோடு அந்தப் பெரிய ஹோட்டல் எழுந்து நிற்கும். "இப்பப் பாருங்க" என்பார், தானே கட்டி முடித்தவர் மாதிரி. பிறகு கோட்டை மதில், பீரங்கி வரிசை, கல் பாவிய சந்துகள். பன்னிரண்டரைக்கு, அந்தச் சந்து ஒன்றில் இருந்த சாப்பாட்டுக் கடையில் பட்டாணி சூப்.

அந்த சூப்தான் பயணத்தின் மகுடம். மொன்றியலில் வெளியே சாப்பிட ரொட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும் தவிர வேறு வழியில்லாத சைவக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 1968 ஜூன் 22ஆம் தேதி, முதல் பயணத்தில், இது எதில் செய்தது என்று பரிமாறிய பெண்ணிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார். மஞ்சள் பட்டாணி என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. "நம்ம பருப்புக் கடைசல்தான், பிரெஞ்சுக்காரன் பேர் மாத்தி வெச்சிருக்கான்" என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். ஏழு வருடத்தில் பத்தொன்பது பயணங்கள், ஐம்பத்தெட்டு விருந்தாளிகள். அவர்களில் சுத்த சைவம் முப்பத்தேழு பேர்.

அந்த முப்பத்தேழில் ஒருவர் பத்மாவின் பெரியப்பா ஜம்புநாதன். திருநெல்வேலியில் கோயில் கட்டளைக்குப் பொறுப்பானவர். விமானத்தில் கொடுத்த ரொட்டியைக்கூடத் தொடாமல், மடியில் அவல் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். 1971 ஆகஸ்ட் 14 அன்று அவர் இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். மணிவாசகம் அதைச் சொல்லாத விருந்து கிடையாது.

இத்தனை பயணத்திலும் மனைவி பத்மா போனதில்லை. வண்டியில் எப்போதும் இடம் இருக்காது. விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டிக் கொடுத்து, கையசைத்து அனுப்புவதோடு சரி. 1975 அக்டோபர் 13, திங்கட்கிழமை விடுமுறை. வரவேண்டிய குடும்பத்தில் குழந்தைக்கு அம்மை என்று முந்தின நாள் தொலைபேசி வந்தது. புளிக்காய்ச்சல் தயாராக இருந்தது. பத்மா புடவைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

படகு, மதில், பீரங்கி எல்லாம் ரசித்தாள். சூப் வந்ததும் மணிவாசகம் நாலு கரண்டி உள்ளே தள்ளிவிட்டார். பத்மா கரண்டியை எடுக்கவில்லை. வாசனை பிடித்துப்போய், வீட்டில் செய்து பார்க்கலாமென்று பரிமாறுகிறவளிடம் பக்குவம் கேட்டாள். மாலை வகுப்பில் ஒழுங்காகப் படித்த பிரெஞ்சு அவளுடையது. அந்தப் பெண் உற்சாகமாக விரல்விட்டு எண்ணினாள்: ஊறவைத்த பட்டாணி, வெங்காயம், காரட், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நல்ல பன்றித்தொடை எலும்பு.

பத்மா நன்றி சொல்லி அனுப்பினாள். பிறகு கிண்ணத்தை மெல்லத் தள்ளிவைத்தாள்.

"என்னங்க, கரண்டியக் கீழ வைங்க."

விஷயத்தைக் கேட்டதும் மணிவாசகம் கரண்டியைக் கீழே வைத்தார். முப்பத்தேழு முகங்கள் கண்முன் வந்து நின்றன. முன்வரிசையில் விபூதிப் பட்டையோடு ஜம்புநாதன்.

திரும்பும் வழியில் சுரங்கப் பாதையின் கனத்தைப் பற்றி அவர் பேசவில்லை. யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம், தெரியாமல் செய்ததுதானே என்றாள் பத்மா. பெரியப்பாவுக்குத் தெரிந்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார் என்றும் சொன்னாள்.

"ஒவ்வொரு லாரி கான்கிரீட்லயும் மாதிரி எடுத்து ஒடச்சுப் பாக்கறவன் நான்" என்றார் மணிவாசகம். "சூப்ப ஒரே ஒரு தடவ கேட்டதோட விட்டுட்டேன்."

சோதனை முடிவு தவறென்று தெரிந்தால், முதல் அறிக்கை போன எல்லோருக்கும் திருத்த அறிக்கை போகவேண்டும். அவர் தொழிலில் அதுதான் முறை. பத்மா பொங்கல் வாழ்த்து அனுப்பும் முகவரிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். குடும்பத்துக்கு ஒன்றாகப் பதினான்கு கடிதங்கள் எழுதினார். பெரியப்பாவுக்கு எழுதியதை மட்டும் மூன்று முறை கிழித்துப்போட்டு, நான்காவதைத் தபாலில் சேர்த்தார்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிலர் சிரித்தார்கள். ஒருவர் பாவம் தீர ராமேஸ்வரம் போகும் செலவை விசாரித்திருந்தார். டொரொன்டோவிலிருந்து டாக்டர் வசுமதி, தானும் பதினோரு பேருக்கு அந்தக் கடையைச் சிபாரிசு செய்துவிட்டதாகவும், இனி தானும் கடிதம் எழுத உட்காரவேண்டும் என்றும் கோபித்துக்கொண்டாள்.

திருநெல்வேலியிலிருந்து ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் மணிவாசகம் கோட்டைக் கழற்றுவதற்கு முன் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். ஜனவரி 9ஆம் தேதி நீல விமானக் கடிதம் வந்தது. பத்மாதான் பிரித்துப் படித்தாள்.

"சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். கடிதம் கண்டேன். முதல் கரண்டியிலேயே பல்லில் நார் ஒன்று சிக்கியது. காய்கறியில் அப்படி நார் கிடையாது. நிமிர்ந்தால் எதிரே உங்கள் முகம். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவரின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஊருக்கு வந்து செய்யவேண்டிய பிராயச்சித்தத்தைச் செய்துவிட்டேன். ஆகவே கவலை வேண்டாம். இரண்டாவது கிண்ணத்துக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. பெரியம்மாவுக்கு எழுதவேண்டாம்."

1977 ஜூன் 18ஆம் தேதி ஜம்புநாதன் மறுபடியும் கியூபெக் நகரம் வந்தார். பத்மாவுக்கு அப்போது முன்சீட் நிரந்தரமாகியிருந்தது. ஆற்றைப் பார்த்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். பெரியப்பா கையைக் கழுவி, வாயைத் துடைத்து, மதிலுக்குப் பின்னால் தெரிந்த சந்துப் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, அந்தக் கடை இன்னும் இருக்கா?"

மணிவாசகம் பத்மாவைப் பார்த்தார். அவள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதில் மிகவும் கவனமாக இருந்தாள்.