கையில் ஒன்று

கடைக்காரர் பொட்டலம் கட்டத் திரும்பியதுதான் தாமதம், மேசைமேல் இருந்த கால்குலேட்டர் அக்காவின் கைக்குப் போய்விட்டது. திரை கொள்ளுமட்டும் ஒன்பதாக அழுத்தினாள். அதோடு ஒன்றைக் கூட்டினாள். பெட்டி திணறி, பிழைக் குறியைக் காட்டிக் கை விரித்தது.

"என்னம்மா, ரிப்பேரா?"

"இல்லண்ணே, நல்ல மிஷின். தெரியலேன்னா தெரியலேங்குது. தப்பா சொல்லலையே" என்று சேலைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். இந்தச் சோதனைக்குத் தப்பிய கால்குலேட்டர் அந்தத் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது.

கணிப்பொறிக்குக் கட்டளை எழுத உதவும் மொழி ஒன்றை உருவாக்கிப் பராமரிக்கிற அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை. அந்த மொழியில் எண்ணுக்கு நீளக் கட்டுப்பாடு இல்லை. ஆயிரம் இலக்கமோ லட்சம் இலக்கமோ, கொண்டுவந்து கொட்டினால் கூட்டிப் பெருக்கித் தருவது அவள் எழுதிய பகுதி. அவ்வளவு பெரிய எண் யாருக்கு வேண்டும் என்று கேட்டால் விடமாட்டாள். "உங்க பேங்க் கணக்குக்குப் பூட்டுப் போடறதே அந்த மாதிரி எண்ணை வச்சுத்தான். வேணாமா சொல்லுங்க, திறந்து விட்டுடலாம்" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோருமே "எட்டும் ஏழும் பதினைஞ்சு, அஞ்சு போட்டு கையில ஒண்ணு" என்று விரலை நீட்டித்தான் கூட்டல் கற்றோம். பிறகு நாமெல்லாம் விரலை மடக்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம். அக்கா போகவில்லை. யோசனையில் இறங்கினால் இடதுகை ஆள்காட்டி விரல் தானாக நிமிரும். கணக்கு முடிகிறவரை மடங்காது. அதுவரை யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. விரல் நிமிர்ந்திருக்க, கண்ணெதிரே பால் பொங்கி அடுப்பையே அணைத்திருக்கிறது. அலுவலகத்தில் அவளுக்குக் 'கையிலொண்ணு' என்றே பெயர்.

அவள் கணவர் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "நாள் பூரா ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் அசையாதீங்க, பேசாதீங்கன்னு மிரட்டிட்டு வரேன். வீட்டுக்கு வந்தா என்னை மிரட்ட ஒரு விரல் போதும்" என்று சொல்லிச் சிரிப்பார். சொல்வாரே தவிர, விரலைக் கண்டால் பூனைபோல நடப்பார்.

அக்காவுக்கு ஒரே ஒரு மனக்குறை. அவளுடைய கூட்டல் சரியாக வரும். ஆனால் மெதுவாக வரும். கூட்டங்களில் மற்ற கணிப்பொறி மொழிகளை உருவாக்குகிறவர்கள், "உங்ககிட்ட கூட்டச் சொல்லிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கலாம்" என்று கேலி செய்வார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே பற்றி எரியும்.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் புதுக் கூட்டல். நீளமான எண்ணைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் கணிப்பொறி கூட்டும். பழைய முறையில், வலதுபக்கத் துண்டு முடிந்து கையில் ஒன்று வருமா வராதா என்று தெரிகிறவரை அடுத்த துண்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அக்கா எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் கூட்டவைத்தாள். கையில் நின்ற ஒன்றுகளைப் பிற்பாடு பக்கத்துத் துண்டுகளிடம் கொடுத்தால் ஆயிற்று. கொடுத்த ஒன்று அநேகமாக அங்கேயே அடங்கிவிடும். பக்கத்துத் துண்டு முழுக்க ஒன்பதாக இருந்தால் மட்டும் அடங்காது. அதற்கடுத்த வீட்டுக்கும் ஓடும். அப்படி எதுவும் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வரி எழுதிவைத்தாள். கிடைத்த வேகத்தில் பெரும்பங்கை அந்த ஒரு வரியே தின்றது.

மொழியின் புது வெளியீட்டில் எதையெல்லாம் சேர்ப்பது என்று முடிவுசெய்யக் கூடினார்கள். குழுத்தலைவர் அக்காவைவிட இளையவர், நல்ல மனிதர்.

"மேடம், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. மூணு மடங்கு வேகம். எத்தனையோ எண்ணைக் கொட்டிப் பார்த்தாச்சு, நீங்க பயப்படறது ஒரு தடவைகூட வரலையே."

"வரமாட்டேன்னு எழுதி வாங்கிட்டீங்களா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வரி இருந்தா பழசைவிட இம்மிதான் வேகம். அதுக்காகப் பழசைத் தொட முடியாது. எடுத்தா இப்பவே சேர்த்துடலாம். இல்லேன்னா அடுத்த வெளியீடுதான். அது எப்பன்னு எனக்கே தெரியாது. நீங்களே சொல்லுங்க."

 அக்காவுக்கு ஆசை இல்லையென்று யார் சொன்னது? கேலி பேசிய வாய்களையெல்லாம் ஒரேயடியாக அடைத்துவிடலாம். திரையில் அந்த வரி தெரிந்தது. அழிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? வெளியே யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. விசைப்பலகைவரை கை போனது.

"மெதுவா சொன்னா திட்டுவாங்க, அவ்வளவுதான்" என்றாள் கடைசியில். "தப்பா சொன்னா, தப்புன்னே தெரியாம நம்பிடுவாங்க சார். அடுத்ததுக்கே இருக்கட்டும்."

வரியை விட்டுவைத்து, புதுக் கூட்டல் மொத்தத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டாள். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

இன்றைக்குத்தான் முடிவு என்று கணவருக்குத் தெரியும். சாயங்காலம் அழைப்புமணி அடித்ததும் ஓடிவந்து கதவைத் திறந்தார். "என்ன ஆச்சு?" என்று கேட்க வாயெடுத்தவர், அவளுடைய இடதுகையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நிமிர்ந்தபடியே இருந்தது.

அவள் தோளில் இருந்த பையை மெல்லக் கழற்றி வாங்கிக்கொண்டு, உள்ளே போய் டிவியை அணைத்தார்.