நடுவழியில் வயசான மான்

மரம் வெட்டும் காட்டின் வாசலில் குறுக்குக் கம்பத்தை ஏற்றி இறக்குவது அவள் வேலை. கம்பத்தின் ஒரு முனையில் பெரிய கல்லைக் கட்டியிருக்கும்; மறுமுனைக் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்தால் கம்பம் தானே எழும்பும். அறுவை மில்லில் இடது கை விரல் இரண்டைப் பறிகொடுத்த பிறகு முதலாளி போட்டுக்கொடுத்த வேலை அது. தகரம் வேய்ந்த ஒற்றை அறை, ஒரு அடுப்பு, செங்கல் முட்டுக்கொடுத்த நாற்காலி. வேலை கொஞ்சம், பொழுது அதிகம்.

அறைக்குப் பின்னால் ஓடை. பொழுது போகாமல்தான் ஓடைக்கரைச் சேற்றைப் பார்க்க ஆரம்பித்தாள். மான் ஒன்று கண்ணெதிரே கடந்து போனால், அது மறைந்ததும் இறங்கிப்போய் அதன் குளம்படியை மிச்சமிருந்த விரல்களால் அளப்பாள். இன்ன மானுக்கு இன்ன தடம் என்று பார்த்துப் பார்த்தே மனதில் படிந்தது. முன்குளம்பு அகலம், பின்குளம்பு ஒடுக்கம். ஆணுக்கு நெஞ்சு அகலம் என்பதால் பின்கால் முன்தடத்துக்குச் சற்று உள்ளே விழும். பெட்டைக்கு இடுப்பு அகலம், வெளியே தள்ளி விழும். உடம்பு கனத்தால் குளம்பின் பிளவு விரியும். கிழத்துக்கு நுனி மழுங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட அவள் நம்பியது நடையை. இளசின் பின்கால் முன்தடத்தைத் தாண்டி விழும். வயசானது எட்டி வைக்காது, பின்கால் முன்தடத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

மரம் வெட்டுகிறவர்கள் அவளை ஜோசியக்கா என்றார்கள். கேலியாகத்தான் தொடங்கியது. போன மழைக்காலத்தில் மேற்குச் சரிவில் வேலை செய்த ஒருவரைச் சிறுத்தை இழுத்துப்போன பிறகு கேலி நின்றது. மான் பதறி ஓடியிருந்தால் காட்டில் ஏதோ இருக்கிறது. நடந்திருந்தால் மனிதரும் நடக்கலாம். அவள் சேற்றைப் பார்த்துத் தலையாட்டினால்தான் மேஸ்திரி ஆட்களை உள்ளே விடுவார். அந்த ஆட்களில் அவள் கணவனும் ஒருவன். அவனுக்கு ரம்பம் என்று பெயர். கையில் பிடிப்பதும் ரம்பம், வாயைத் திறந்தால் போடுவதும் ரம்பம்.

அன்று காலை சேற்றில் ஒரே ஒரு மானின் தடம் இருந்தது. ஆண். பிளவு நன்றாக விரிந்திருந்தது, நுனி மழுங்கல், பின்கால் முன்தடத்தை எட்டவே இல்லை. எங்கும் ஓடவில்லை, தாவவில்லை.

“யாருக்கா வந்துட்டுப் போனது?” என்றான் கோடரிக்காரன்.

“கிழவன். நல்ல உருப்படிதான், ஆனா முட்டி புடிச்சுக்கிச்சு. அடி எடுத்து வைக்கவே யோசிக்கிறான்.”

“எனக்கு அண்ணனா இருப்பானா?” என்று கேட்டான் கணவன்.

“உங்களுக்கு மாமனார் வயசு. வழியில பாத்தா ஒதுங்கி நில்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கயிற்றை அவிழ்த்தாள். கணவனின் பேச்சு மரங்களுக்குள் போய்த் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

அத்தனை பேர் மிதித்துப் போனதில் ஓடை கலங்கிவிட்டது. தெளிந்த தண்ணீருக்காகக் குடத்தோடு கரையோரமாக மேலே ஏறிப் போனாள். வழக்கமாக அவள் பார்ப்பது ஓடையைக் கடக்கும் அந்த ஒரு துண்டுச் சேற்றை மட்டும்தான். தடம் தெளிவாக விழும் இடம் அது. அதற்குமேல் போய்ப் பார்க்கத் தோன்றியதில்லை.

மேலே, மான் வந்த வழியில், நீளநீளமான அடிகள் கிடந்தன. பின்கால் ஒவ்வொரு முறையும் முன்தடத்தைத் தாண்டி விழுந்திருந்தது. வேறு மான் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். இடது முன்குளம்பின் வெளிப்பிளவில் சிறு பொத்தல், கல்லில் பட்டுச் சில்லு தெறித்த மாதிரி. கீழே பார்த்த கிழவனுக்கும் அதே காலில் அதே பொத்தல்.

ஒரே வழியில் நடந்துவருகிற மானுக்கு நடுவழியில் வயசாகாது.

குடத்தை வைத்துவிட்டுத் தடத்தோடு கீழே நடந்தாள். ஒரு இடத்தில் முன்கால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன. அங்கே நின்றிருக்கிறது. அங்கிருந்துதான் அடி குறுகியிருந்தது. பிளவு விரிந்தது கனத்தால் அல்ல, எந்த நொடியும் தாவுவதற்காக ஊன்றியதால். நுனி மழுங்கியது வயசால் அல்ல, பாறை மேட்டிலேயே மேய்ந்து திரிந்ததால். மேட்டில் கிடக்கும் இளமான், எதுவும் விரட்டி இறக்காமல் சேற்றுக்கு வராது.

எதிர்க்கரைப் பாசியில் தேடினாள். உருண்டையான பாதம், நகம் படவில்லை, சிறுத்தை. அழுந்திய பாசி இன்னும் நிமிரவில்லை. ஓரத்திலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து குழியை நிரப்பிக்கொண்டிருந்தது. தடம் மானைவிட்டு விலகி, ஆட்கள் போன பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஓடினாள். வெட்டுமிடத்தில் கோடரிகள் விழுந்துகொண்டிருந்தன. எல்லோரையும் ஒரே இடத்தில் நிற்கவைக்க மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்காரர் எங்கே என்றாள். நெம்புகோலுக்குக் கொம்பு வெட்டப் பள்ளத்துப் பக்கம் போயிருப்பதாக மேஸ்திரி சொன்னார். அவனுடைய பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை.

பள்ளத்துக்கு இறங்கும் வழி ஈரமண். கணவனின் ரப்பர் பூட்ஸ் தடம் வீசிவீசிப் போயிருந்தது. குதிகால் அழுந்த, அவசரமில்லாத நடை. ஒரு வளைவில் இரண்டு பூட்ஸும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்கப்புறம் அடிகள் குறுகின. குதிகால் படவே இல்லை.

இம்முறை அவள் தப்பாகப் படிக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, நிமிர்ந்து, மெல்ல நடந்தாள்.

அவன் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அரிவாளோடு நின்றான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“கிட்ட வராத,” என்றான். காற்றுப் போல வந்தது குரல்.

“எங்க?”

தாடையைச் சற்றே அசைத்தான். புதரில் இலைதான் தெரிந்தது. பிறகு இலைகளுக்கு நடுவே ஒரு காது திரும்பியது.

“குனிஞ்சிடாதீங்க. முதுகு காட்டாம, அப்படியே என் பக்கம் வாங்க.”

பின்னோக்கி நடந்து ஏறினார்கள். அது பாயவில்லை. ஆனால் அவர்கள் நகர்ந்தபோது புல்லும் நகர்ந்தது, நின்றபோது நின்றது. மேட்டில் கோடரிகளைத் தட்டிக்கொண்டு ஆட்கள் கூட்டமாக இறங்கிவந்த பிறகே புல் அசையாமல் கிடந்தது.

வாசலுக்கு வந்ததும் மேஸ்திரி கேட்டார், “கிழவன்னு சொன்னியேம்மா?”

“தப்பாச் சொல்லிட்டேன். அது வயசு இல்ல, பயம்.”

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் சேற்றைப் பார்த்தாள். மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள், கீழேயும் போய்ப் பார்த்தாள். எங்கும் ஒரு குளம்படிகூட இல்லை. தினமும் ஒரு மானாவது தண்ணீருக்கு இறங்கும் கரை, துடைத்துவிட்ட பலகை போலக் கிடந்தது.

“ஒண்ணுமே வரல போலிருக்கே,” என்றார் மேஸ்திரி. “அப்ப கம்பத்தத் தூக்கலாமில்ல?”

அவள் கயிற்றை முளையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.