கேட்டால் கொடுக்க வேண்டிய எஞ்சின்

வாய்க்குள் செம்மண் அரைபடும்போது ஒரு சத்தம் வரும். அது வெளியிலிருந்து காதுக்கு வருவதில்லை; பல்லிலிருந்து தாடை எலும்பு வழியாக நேரே உள்ளே போகும். "லஞ்ச் ஷீட்" என்கிற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றிய சோற்றுப் பார்சலைப் பந்தயத் திடலின் ஓரத்தில் பிரித்தால், முதல் வாய் உள்ளே போவதற்குள் கார்கள் வளைவைச் சுற்றி வந்துவிடும், பருப்பின் மேலும் கத்தரிக்காய்க் குழம்பின் மேலும் சிவப்பாக ஒரு படலம் இறங்கிவிடும். அதையும் சேர்த்துத்தான் சாப்பிட்டோம். பெற்றோலும் ரப்பரும் மண்ணும் கலந்த அந்த மணம், ஞாயிறு மாலை தலை முழுகிய பிறகும் திங்கட்கிழமை வகுப்பறையில் என் பின்னலில் இருக்கும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்கு அருகே ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்து "அனெக்ஸ்"ஸில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கட்டாரில் வேலை செய்தார். அம்மா ஒரு சின்ன வேன் வைத்திருந்தார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போய் விடுவதும் மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து வீடு வீடாக இறக்குவதும் அவருடைய தொழில். அம்மாவின் தம்பி குகன் மாமாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு "கராஜ்" இருந்தது. அம்மாவின் வேனில் எது பழுதானாலும் மாமாதான் பார்ப்பார், கூலி வாங்கமாட்டார். வாங்காததற்குப் பதிலாக மாமாவின் பந்தயத்தைப் பற்றி அம்மா வாய் திறக்கமாட்டார். வீட்டில் ஒருவரும் சொல்லி வைக்காத உடன்பாடு அது.

பந்தயம் என்றதும் பளபளக்கும் வண்டிகளை நினைக்கவேண்டாம். நகரத்துக்கு வெளியே, ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில், கிரவல் மண் தோண்டி எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளம். அதைச் சுற்றி மண் பாதை, வளைவுகளில் பழைய டயர் அடுக்கு. மாமா ஓடியது "எண்ணூறு" வகுப்பில். எண்ணூறு சிசி எஞ்சின் உள்ள சின்ன இந்தியக் கார்கள், ஒரு காலத்தில் கொழும்பில் எந்த ஒழுங்கையிலும் நின்றவை. கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை ஒட்டவைத்து, உள்ளே இரும்புக் குழாய்க் கூடு ஒன்றை இறக்கினால் அது பந்தயக் கார். மாமாவுடையது ஒரு காலத்தில் நீலம்.

எல்லாவற்றையும் பிரித்து எழுதிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அந்தத் திடலில்தான் வந்தது. ஒரு பந்தயம் நியாயமானதா என்று பார்க்க மாமாவிடம் மூன்று கேள்விகள் இருந்தன. யார் முன்னால் நிற்பது, யார் எவ்வளவு செலவழிக்கலாம், ஏமாற்றினால் யார் பிடிப்பது. முதலாவதற்குத் திடலில் ஏற்கெனவே வழி இருந்தது: ஆரம்ப ஓட்டங்களில் யார் எங்கே நிற்பது என்பதைத் தகர டின்னுக்குள் இலக்கம் எழுதிய சோடா மூடிகளைக் குலுக்கி எடுத்துத் தீர்மானிப்பார்கள்; இறுதி ஓட்டத்தில் தலைகீழ், ஆரம்பத்தில் முந்தியவன் கடைசி வரிசையில் நிற்கவேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் லேசில் அடங்கவில்லை. செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் ஒருவரின் மகன் பிரதீபன் வகுப்புக்கு வந்த பிறகு, எண்ணூறு எஞ்சினுக்குள் என்னென்னவோ போய் உட்கார்ந்திருப்பதாகப் பேச்சு. திறந்து பார்க்க யாரிடமும் கருவியோ நேரமோ இல்லை.

மருதானையில் ஒரு தேநீர்க் கடையில் ஓட்டக்காரர்கள் கூடிக் கதைத்தபோது, எங்கோ வெளிநாட்டு மண் திடல்களில் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒரு சட்டத்தை மாமா எடுத்து வைத்தார். வென்றவனுடைய எஞ்சினை, ஓடிய எவரும், முன்னரே நிர்ணயித்த ஒரே விலைக்குக் கேட்கலாம். கேட்டால் கொடுக்கவேண்டும். கொடுக்க மறுத்தால் வெற்றி போய்விடும், அந்தப் பருவம் முழுவதும் ஓடவும் முடியாது. விலை, பழைய வாகனச் சாமான்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில், சட்டம் எழுதிய அன்று ஒரு பழைய எண்ணூறு எஞ்சின் என்ன விலைக்குப் போனதோ அதுதான்.

"கொட்டிக் கொட்டிச் செலவழிச்சவன் சும்மா விலைக்குக் குடுப்பானோ? அப்ப ஒருத்தனும் செலவழிக்கமாட்டான். பொலிசும் தேவையில்ல, மெசினும் தேவையில்ல" என்று மாமா வீட்டுக்கு வந்து சொன்னதை, அம்மா வெங்காயம் அரிந்தபடி கேட்டார்.

"நல்ல சட்டம்தான். நீ வெண்டாத்தானே உனக்கு வில்லங்கம்" என்றார்.

மாமா சிரித்தார். அவர் வென்றதே இல்லை.

அந்தச் சட்டத்தை முதலில் பயன்படுத்தியவரும் மாமாதான். கொம்பனித்தெருவிலிருந்து வரும் ஃபாரூக் நானா, பகலில் ஆட்டோ ஓட்டுபவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வென்றார். கேட்பதற்கு ஒரு முறை உண்டு: பணத்தை ஓர் உறையில் போட்டு, வென்ற காரின் சூடான போனட்டின் மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி ஒரு கல்லைத் தூக்கி வைக்கவேண்டும். வென்றவர் உறையை எடுத்தால் விற்றுவிட்டார் என்று அர்த்தம், திருப்பி நீட்டினால் மறுத்துவிட்டார். மாமா வைத்த உறையை ஃபாரூக் நானா தாமதிக்காமல் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. நல்லா ஓடுவா. ஆனா கோபக்காரி, சூடானா சொல்லமாட்டா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் ஃபாரூக் நானா பந்தயத்துக்கு வருவார், ஓடமாட்டார். வேறு எஞ்சின் தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்தக் கோபக்காரி கராஜ் வாசலிலேயே சூடேறி இறுகிவிட்டாள். திறந்து பார்த்தால் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. மாமா அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமல், வாசலில் நின்ற வேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வேனிலும் அதே எண்ணூறு எஞ்சின்தான். பூட்டுகிற இடங்கள் மாறும், கொஞ்சம் வேலை இருக்கிறது, ஆனால் உடம்பு ஒன்று. சனியும் ஞாயிறும் பள்ளிக்கூடம் இல்லை.

"அக்கா, ஞாயிறு இரவே திருப்பிப் பூட்டித் தாறன்."

அம்மா உள்ளே போய் வேன் சாவியை எடுத்து வந்து நீட்டினார். பிறகு, "திங்கள் விடிய எனக்கு வேன் வாசல்ல நிக்கோணும். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார்.

இதில் மூன்று பேரும் விட்ட பிழை ஒன்றுதான். அந்தச் சட்டம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் மாமா வெல்வார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, மாமாவுக்கும்கூட.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் தடவையாகத் திடலுக்கு வந்தார், தன் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வந்ததுபோல. ஆரம்ப ஓட்டத்தில் மாமா நடுவில் வந்ததால் இறுதி ஓட்டத்தில் நடு வரிசையில் நின்றார். முன்தின மழையில் பாதை வழுக்கியது. பலம் கூடிய வண்டிகள் வளைவுகளில் சக்கரம் சுழன்று வெளியே ஒதுங்கின. மாமா மட்டும், அம்மாவின் சாதுவான எஞ்சினோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியதுபோல மெதுவாகக் காலை வைத்து, உள்பக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் பின்னால் போனார். கடைசிச் சுற்றில் பிரதீபன் டயர் அடுக்கில் உரசி நிற்க, மாமா அவரைக் கடந்து வந்தார். நான் கத்தினேன். அம்மாவும் கத்தினார், அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

மாமா இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தில் கண் இருந்த இடம் மட்டும் சுத்தமாக, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அதே நேரம் பிரதீபன் நிதானமாக நடந்து வந்து நீலக் காரின் போனட்டில் ஓர் உறையை வைத்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. அதுக்குள்ள என்னதான் வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும்."

மாமாவின் கை இறங்கியது. "தம்பி, இது என்ட எஞ்சின் இல்ல. அக்காட வேன் எஞ்சின். நாளைக்குப் பள்ளிக்கூடம்."

சிலர் சிரித்தார்கள், நல்ல பகிடி என்று நினைத்திருப்பார்கள். திடலை நடத்தியவர், தொப்பி போட்ட வயதான ஒரு சிங்கள மாத்தயா, கிட்ட வந்து, "ரூல் எக்க ஒயாகே நே, மல்லி" என்றார். சட்டம் நீ கொண்டு வந்ததுதானே தம்பி என்று. கோபமாகச் சொல்லவில்லை, மாமாவுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"குகன், திருப்பிக் குடுத்திட்டு வா. எங்களுக்குக் கப் வேண்டாம்" என்றார் அம்மா.

மாமா உறையைக் கையில் எடுக்கவும் இல்லை, திருப்பி நீட்டவும் இல்லை. கூட்டத்துக்குள் ஃபாரூக் நானா நின்றார். மாமா பார்த்தது அவரை. அம்மாவும் அதைக் கண்டு, அவரிடமே திரும்பிக் கேட்டார்.

"நானா, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"நான் என்னத்தச் சொல்ல, தங்கச்சி" என்றார் ஃபாரூக் நானா. "வேணாம்னு சொன்னா, நான் குடுத்தது பைத்தியக்காரத்தனம்னு ஆகும். குடுன்னு சொன்னா, ஒங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டவன் நான். என்னைய விட்டுருங்க."

ஒருவரும் மாமாவை அவசரப்படுத்தவில்லை. அது இன்னும் மோசம். கடைசியில் அவர் கல்லைத் தள்ளிவிட்டு உறையை எடுத்தார்.

அம்மா திரும்பி வந்து, சாப்பிட்டு முடிக்காத பார்சல்களைச் சுற்றிப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். மரக்கிளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கினார்கள். அது காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டு தொங்கியபோது ஒரு சொட்டு எண்ணெய் செம்மண்ணில் விழுந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உறையிலிருந்த பணம், சட்டம் எழுதிய நாளில் ஒரு முழு எஞ்சினின் விலை. இடையில் இறக்குமதி வரி ஏறியிருந்தது. விலையை உயர்த்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை பஞ்சிகாவத்தையில் அந்தப் பணத்துக்கு அரை எஞ்சின்கூடக் கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இறுகிக் கிடந்ததை உயிர்ப்பிக்க மாமா வாரக்கணக்காகப் பார்த்தார். வேனில் பூட்டியபோது உயிர் வந்தது, ஏற்றத்தில் நின்றுவிடும் உயிர்.

அந்தத் திங்கள் விடிய, வேன் நிற்கவேண்டிய இடத்தில் ஓர் ஆட்டோ நின்றது. ஃபாரூக் நானா. யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க அவரும் அம்மாவும் பிள்ளைகளைத் தவணை தவணையாக ஏற்றிப் போனார்கள். முதல் தவணை நேரத்துக்குப் போகும், கடைசித் தவணை மணி அடித்த பிறகு போகும். பெற்றோர் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, மிகவும் மரியாதையாக, வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரையும் என்னால் குறை சொல்லமுடியவில்லை. யார்மேல் குறை என்று பிரித்து எழுத நான் பல தடவை முயன்றிருக்கிறேன்: மாமா சட்டத்தை மதித்தார், பிரதீபன் சட்டப்படி கேட்டார், அம்மா தம்பிக்கு உதவினார். அட்டவணை அங்கேயே முடிந்துவிடும்.

அம்மா வேனை விற்றார். இப்போது தெஹிவளையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறார், ரயிலில் போய் வருகிறார். மாமா டோஹாவில் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். வேகத்தைக் கூட்டினால் தானாகவே குறைத்துவிடும் பஸ். தொலைபேசியில் வெயிலைப் பற்றிக் கதைப்பார், பந்தயத்தைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. நான் பொறியியல் படித்து, இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். பள்ளத்தை நிரப்பிக் காணித் துண்டுகளாக விற்றுவிட்டார்கள். மண் பந்தயங்கள் வேறு இடங்களில் நடக்கின்றன. எண்ணூறு வகுப்பு இல்லை, சோடா மூடி டின் இல்லை, கேட்டால் கொடுக்கும் சட்டம் அந்தப் பருவத்தோடு முடிந்தது. வேகமாக ஓடியவன் முன்னால் நிற்கிறான். அந்த வேகத்தை வாங்க முடிந்தவன் வாங்குகிறான்.

சென்ற மாதம், தோழி ஒருத்தியின் கலியாணத்துக்கு நகை பார்க்கச் செட்டியார் தெருவுக்குப் போனபோது, கல்லாவில் பிரதீபன் இருந்தார். உடம்பு வைத்திருந்தார், தலையில் முடி குறைந்திருந்தது. மாமாவின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த எஞ்சின அக்கு வேறா ஆணி வேறா கழட்டிப் பாத்தோம்மா. ஒண்ணுமே இல்ல. எல்லாம் கம்பனி அளவு."

"பிறகு என்ன செஞ்சனீங்கள்?"

"என்ன செய்ய. திருப்பிப் பூட்டல. ரொம்ப நாள் அப்படியே கெடந்துச்சு. பொறகு கொடவுன துப்புரவு பண்ணயில பழைய இரும்போட போயிருச்சு." நான் புறப்படும்போது, "அண்ணேகிட்ட சொல்லிருங்க, ஓட்டம் அவரோடதுதான்னு" என்றார்.

மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் அடுத்த நாள் காலை சொன்னேன். அவர் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். செருப்பின் வாரைப் பூட்டியபடியே கேட்டு முடித்தார்.

"அதுக்குள்ள ஒண்டும் இல்லையெண்டு என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பனே" என்றார். "ஒவ்வொரு நாளும் ஓட்டினது நான்தானே."