சுண்ணாம்புக் கோடு போட்ட குழாய்

நம்பாதவர்கள் பாலக்கரைக்கு வந்து என் மனைவியைக் கேட்கலாம். நான் கொஞ்சம் அளப்பேன், ஒத்துக்கொள்கிறேன். கமருன்னிசா அளக்க மாட்டாள். அவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். 1962, பொங்கல் கழிந்த முதல் வியாழக்கிழமை. பட்டப்பகல். பேய் ராத்திரியில்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னானோ தெரியவில்லை.

என் பெயர் கலீல். முன்னால் கார் ஒர்க்‌ஷாப், பின்னால் வீடு, நடுவில் ஒரே ஒரு சுவர். திருச்சியில் என்னை விட நல்ல மெக்கானிக்குகள் இருந்தார்கள். என்னை விட நல்ல காது யாருக்கும் கிடையாது. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே வால்வு கருகிவிட்டதா, பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை துறையூர் ரோட்டில் நான் வந்த பஸ் நின்றபோது, ஜன்னல் சீட்டை விட்டு எழுந்திருக்காமலேயே, வெளியே கேட்ட சத்தம் இன்னது என்று ஒரு கூட்டத்துக்கே விளக்கம் சொன்னவன் நான். அவ்வளவு திமிர்.

டிசம்பர் கடைசியில் அருள்நாதன் வந்தார். பொன்மலை ரயில்வேயில் வேலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தன் பழைய எம்.ஜி. காரை அவரிடம் விட்டுப் போயிருந்தார். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, உலகச் சண்டைக்கு முந்தைய வண்டி. பிப்ரவரியில் சோழவரம் ரேஸில் அதை ஓட்ட வேண்டும் என்று மனிதருக்கு ஒரே வெறி. அவர் மனைவி பேட்ரிசியாவுக்கு ஆறாவது மாதம். இந்த ஒரு ரேஸ்தான், அப்புறம் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

எஞ்சினில் குறை இல்லை. சைலன்ஸர்தான் துருப்பிடித்து உள்ளே அடைத்துக் கிடந்தது. புகை போக வழியில்லாமல் எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. என்ன மாட்டலாம் என்று இரண்டு நாள் பேசினோம். மெட்ராஸிலிருந்து புது சைலன்ஸர் வரவழைக்கலாம். சத்தமும் சாது, வேகமும் சாது, வந்து சேர ஆறு வாரம். நானே ஒரு நேர்க்குழாய் வளைத்துத் தரலாம். வேகம் வரும், ஆனால் வால்வு கருகும், காவிரிப் பாலத்தில் நிற்கிற போலீஸ்காரர் முதல் நாளே பிடித்துக்கொள்வார். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. இதே மாடலுக்கென்றே செய்த ரேஸ் சைலன்ஸர், நீளக் குழாயோடு, வால் பக்கம் மீன் துடுப்பு போல விரிந்தது. அதை நான் சேக் மைதீன் மாமாவின் பழைய இரும்புக் கடையில் பார்த்திருந்தேன்.

பார்த்த இடத்தைச் சொல்ல வேண்டும். உருக்குவதற்குப் போகிற குவியலில். அதன் மேல் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு.

எங்கள் தொழிலில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கோடு தெரியும். ஆள் செத்த வண்டி கடைக்கு வந்தால், மாமா அதன் ஒவ்வொரு சாமான் மேலும் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு கோடு போடுவார். அது உலைக்குத்தான் போக வேண்டும். இன்னொரு வண்டியில் மாட்டவே கூடாது. எவ்வளவு கேட்டாலும் தர மாட்டார்.

நான் கேட்கவில்லை. மாமா நாகூர் தர்காவுக்குப் போன சமயம் பார்த்துக் கடை ஆளிடம் சொல்லி எடுத்து வந்துவிட்டேன். மண்ணெண்ணெய்த் துணியால் கோட்டைத் துடைத்தேன். குழாயின் மேல் மூன்று ஒடுக்குகள் இருந்தன, வரிசையாக, கட்டை விரல் அகலத்துக்கு. அவற்றையும் தட்டி எடுத்துவிட்டேன். அருள்நாதனிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வண்டியின் கீழே வைத்துப் பார்த்தால் எல்லாத் துளையும் அப்படியே பொருந்தியது. வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

புதன்கிழமை காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, கொள்ளிடத்தையும் கடந்து துறையூர் ரோடு. அடடா, என்ன சத்தம்! அடி வயிற்றிலிருந்து வந்தது. அருள்நாதன் குழந்தை மாதிரி சிரித்தார். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் புகைபோக்கிகளைத் தாண்டி, பெருவளை வாய்க்கால் ஓரமாகப் போகும்போது எஞ்சின் பொசுக்கென்று நின்றது. மணி 11.20.

ரோட்டில் ஆள் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் சத்தம் மட்டும்.

அப்புறம் அது கேட்டது.

டக்... டக்... டக்...

ஓடி நின்ற வண்டியின் குழாய் சூடு ஆறும்போது இப்படித் தட்டுவது வழக்கம்தான். முதலில் அவசரமாகத் தட்டும், போகப் போக மெதுவாகும், நின்றுவிடும். இது மெதுவாகவில்லை. மூன்று தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. திரும்பவும் மூன்று.

அருள்நாதன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"சூடு ஆறுது சார். அவ்வளவுதான்."

அவர் குனிந்து குழாயைத் தொடப் போனார். நான் தடுப்பதற்குள் கை பட்டுவிட்டது. பன்னிரண்டு மைல் ஓடிய குழாய், தோல் உரிந்திருக்க வேண்டும். அவர் கையை எடுக்கவே இல்லை.

"பாய்... இது ஜில்லுன்னு இருக்கு."

தட்டுவது நின்றது. சாவியைத் திருப்பினோம், எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. சுண்ணாம்புக் கோட்டைப் பற்றித் திரும்பி வரும் வழியிலாவது சொல்லியிருக்கலாம். மானம் போகுமே என்று பயந்தேன்.

வண்டியை ஷெட்டில் விட்டார். மறுநாள் வியாழக்கிழமை. குழாயைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். தூக்கினால் கூடவே செங்கல் அடுக்கி அண்டை கொடுக்க வேண்டும், அது என் ஷெட்டில் சட்டம். அன்றைக்குக் கை போகிற வழியில் இருக்கிறதென்று செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். ஒரு போல்ட்டைக் கூடத் திருகவில்லை. கமருன்னிசா சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். மணி 12.40.

12.52-க்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. எதிரே கடிகாரம் இருந்ததால் நிமிஷம் கூட ஞாபகம் இருக்கிறது.

டக்... டக்... டக்...

கமருன்னிசா கரண்டியை நிறுத்தினாள். "யாரோ தட்டுறாங்க."

"யாரும் இல்ல. வண்டி சூடு ஆறுது."

வாய் தானாகச் சொன்னது. சோற்றைப் பிசைந்தேன். ரசம் கேட்டேன்.

டக்... டக்... டக்...

அமைதி.

டக்... டக்... டக்...

மணி 12.58. அவள் ரசம் ஊற்றவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"நேத்துக்கு அப்புறம் வண்டிய எடுக்கவே இல்லையேங்க... எது சூடு ஆறுது?"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

ஓடினேன்.

ஜாக்கி மண் தரையில் புதைந்து சாய்ந்து கிடந்தது.

வண்டி தரையோடு தரையாக இருந்தது.

கீழேயிருந்து இரண்டு கால்கள்... பளபளக்கும் ஷூ.

டக்... டக்...

நான் குனிந்தேன். சத்தம் நின்றது.

அருள்நாதன். சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து வந்தவர், குழாய் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று பார்க்கத் தானாகவே கீழே புகுந்திருக்கிறார். முகம் நீலம் பாரித்திருந்தது. நெஞ்சின் மேல் வண்டி. நானும் கமருன்னிசாவும் கடப்பாரை போட்டு நெம்பினோம். அவள் அப்படி ஒரு பலத்தோடு தள்ளி நான் பார்த்ததில்லை. இழுத்துப் போட்டபோது உயிர் இருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேட்ரிசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. சார், நீங்க தட்டினது நல்லதாப் போச்சு என்றேன்.

அவர் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார். இரண்டு கையும் அச்சுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தன. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் தட்டலை பாய். எனக்கும் கேட்டுச்சு. என் பக்கத்துல ஒருத்தர் படுத்திருந்தார்."

வீட்டுக்கு வந்ததும் குழாயைக் கழற்றினேன். மூன்று ஒடுக்குகளும் இருந்தன. நான் தட்டி எடுத்த அதே இடத்தில், வரிசையாக.

அன்றைக்கே அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாக்கைப் பிரித்து ஒடுக்குகளைத் தடவிப் பார்த்தார்.

அவர் சொன்னது இதுதான். அஞ்சு வருஷத்துக்கு முன்னால், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளியின் மகன் வீரமலை ஓட்டிய வண்டி அது. சித்திரை மாதம், விளக்கு வைக்கும் நேரம், பெருவளை வாய்க்காலில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஓட்டியவன் எகிறிக் குதித்து ஓடிவிட்டான் என்று கரையில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவன் அடியில் கிடந்தான். வாயில் மண் அடைத்துக் கத்த முடியவில்லை. ஒரு கை மட்டும் குழாய்க்கு எட்டியது. கல்லை எடுத்துத் தட்டினான். மும்மூன்றாக, முக்கால் மணி நேரம். விடிந்து வண்டியைப் புரட்டியபோதுதான் பார்த்தார்கள். கல் கையிலேயே இருந்தது.

"இத்தனை பேரு நின்னாங்களே மாமா, தட்டுனது ஒருத்தர் காதுலயும் விழலையா?"

"எல்லாருக்கும் விழுந்துச்சு. ரெண்டு பேரு இறங்கக்கூடப் போனாங்களாம். அந்நேரம் ஒரு பஸ் வந்து நின்னிருக்கு. அதுல ஒரு மெக்கானிக் பாயாம். சூடு ஆறுது, அவ்வளவுதான், கிட்ட போனா பெட்ரோல் பத்திக்கும்னு சொல்லிட்டாராம். தொழில் தெரிஞ்சவரு சொல்றாரேன்னு எல்லாரும் நின்னுட்டாங்க."

மாமா சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். குழாயின் மேல் புதிதாக ஒரு கோடு போட்டார். அஞ்சு வருஷமாக இதை உலைக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் லாரியில் இடம் இல்லாமல் இது மட்டும் தங்கிவிடுகிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஏன் உனக்கு இப்படி வேர்க்கிறது என்று கேட்டார்.

எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அன்றைக்கு ரைஸ் மில் எஞ்சினைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஜன்னல் சீட் கிடைத்திருந்தது.