கறுப்பு ஒயரின் மறுமுனை

காரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டீரிங்குக்குப் பின்னால் பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று சிவப்பாக எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணைந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம் என்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை நம்புகிறார்கள், நான் நம்புவதில்லை. அந்த விளக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை பொய் சொல்லியிருக்கிறது. அதை நம்பி என் மாமனார் இரண்டு மாதம் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

மாமனார் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்திரம் பஸ் நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையில் முப்பது வருஷம் போய் வந்தவர். நான் கல்யாணமாகி உறையூர் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. எனக்கு ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை வேலை. தினமும் காலையில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். காரிலும் பஸ் ஸ்டாப் வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். "யாரும் ஏறலை மாமா, போகலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் வேகம் எடுப்பார். அந்த இருபது நிமிஷப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக வந்த வீட்டில் எனக்கு முதலில் பழகிய ஆள் அவர்தான்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்ததும் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் பள்ளி வாசலிலேயே நின்றுவிட, என் பத்தாம் வகுப்புப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டே தள்ளிவிட்டார்கள். மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிப் போய்ச் சோதித்தார், நன்றாக இருந்தது. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்தது. விளக்கும் ஒழுங்காக அணைந்தது. "வண்டில கோளாறு இல்ல சார். நீங்கதான் லைட்டை ஆஃப் பண்ணாம விட்டுடுறீங்க போல" என்று சொல்லிவிட்டார்.

என் கணவருக்கு முகம் மாறிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. மாமனாரின் அண்ணன் கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனவர். ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவரை ஊருக்கு வெளியே முக்கொம்பு அணையில்தான் கண்டுபிடித்தார்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டிப்போக வந்த சொந்தத் தம்பியையே "நீங்க யாருங்க?" என்று கேட்டாராம். இரண்டு வாரத்தில் கார் இன்னும் மூன்று முறை படுத்தபோது கணவர் சொன்னார்: "பொங்கலோட வண்டியை வித்துடலாம்பா. நீங்க ஓட்டினது போதும்." மாமனார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதன் பிறகு விசிறியை அணைத்தோமா, கேட்டைப் பூட்டினோமா என்று மூன்று நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "சத்திரம், சிந்தாமணி, பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில்" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். ஒரு நாள் நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "பாலம் தாண்டினா என்ன ஸ்டாப்மா?" முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்திய இடம். பயந்தால் எல்லோருக்கும்தான் மறக்கும் என்று சொல்ல வந்து, "மாம்பழச்சாலை மாமா" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு மின்சாரம் அளக்கும் ஆய்வகத்து மல்டிமீட்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளச் சொல்லிக் காரைக் கிளப்பினோம். இன்ஜின் ஓட, மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தேன். ஆல்டர்னேட்டரில் பதினான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியில் பன்னிரண்டுதான். அந்த விளக்கு ஆல்டர்னேட்டரை மட்டும்தான் பார்க்கிறது, பேட்டரியை இல்லை. "மாமா, சார்ஜ் வருது, பேட்டரிக்குப் போய்ச் சேரலை" என்றேன். "அப்ப வழியில யாரோ இறங்கிடுறாங்க" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் கிண்டல் அது. ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றைக் காரின் உடம்பிலும் வைத்தேன். அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் காட்டியது. மைனஸிலிருந்து போகும் கறுப்பு ஒயரின் மறுமுனை காரின் தகட்டில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். கோளாறு அங்கேதான். இன்ஜினை நிறுத்திவிட்டு மாமனார் ஸ்பேனரை எடுத்து அதைக் கழற்றினார்.

உள்ளே சந்தனம். காய்ந்து ஓடாகிப்போன சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றிலும் துரு.

அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. என் முதல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒயரைக் கழற்றி, அந்த இடத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டு, பூசணிக்காய் வாங்கப் போனார் மாமனார். "வேலை செய்யுற எல்லாத்துக்கும் பொட்டு வச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல மருமகள் என்று பெயர் வாங்கும் அவசரத்தில், கண்ணாடி மாதிரி மின்னிய அந்தத் தகட்டில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, அதன்மேல் ஒயரை வைத்துப் போல்ட்டையும் நானே முடுக்கிவிட்டேன். ஈரம் இருந்த வரை தெரியவில்லை. காய்ந்து துருப்பிடித்ததும் வழி அடைபட்டுவிட்டது. எதில் மின்சாரம் பாயும், எதில் பாயாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்.

மாமனார் சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் கணவர் வெளியே வந்துவிட்டார். "யாருப்பா இதுல போய்ச் சந்தனம் பூசினது?"

"நான்தாண்டா" என்றார் மாமனார், உடனே. "ஏதோ ஞாபகத்துல பூசிட்டேன்."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகனும் அப்பாவும் சேர்ந்து சிரித்து வெகுநாளாகியிருந்தது. மறதி இல்லை என்று அப்போதுதான் நிரூபணமான மனிதர், எனக்காக அசட்டுப் பட்டத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சாவி அவர் கைக்குத் திரும்பியது. இன்னும் நான்கு வருஷம் என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானாக எடுக்க வந்தபோதெல்லாம், "மாம்பழச்சாலை வந்தாச்சு, யாராவது ஏறுறாங்களா பாரும்மா" என்பார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. இப்போது இருப்பது வேறு கார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கணவர் அதே கேலியைச் சொல்வார், நானும் சிரித்து வைப்பேன். இந்த வருஷமும் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "அப்பா மாதிரி எசகுபிசகா எங்கயாவது பூசிடாதே" என்றார்.

"அது மாமா இல்லீங்க. நான்" என்றேன்.

அவர் கிண்ணத்தைப் பானெட் மேல் வைத்தார். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அப்பவே தெரியும்."

காருக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினைக் கிளப்பாமல், அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.